லெட்னா குன்றில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, செக் நாட்டுத் தலைநகர் பிராக் பற்றிய பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். அங்கே லெட்னா குன்றில் ஆடும் பிரம்மாண்டமான மெட்ரோனோம் (இசைக்குத் தாளம் காட்டும் ஊசல் கருவியின் வடிவம்) பற்றி எழுதியவர், அது நிற்கிற பீடம் முதலில் யாருக்காகக் கட்டப்பட்டது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே சோவியத் யூனியனை ஆண்ட ஸ்டாலினின் சிலை இருந்தது. 15.5 மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம், 17,000 டன் எடை. முன்னால் ஸ்டாலின், அவர் பின்னால் ஒரு பக்கம் சோவியத் மக்கள், மறுபக்கம் செக்கோஸ்லோவாக்கிய மக்கள், ஒருவர் பின் ஒருவராக. ஊரில் அதைக் 'கறிக்கடை வரிசை' என்று சொன்னார்கள். கறிக்காக மணிக்கணக்கில் கால்கடுக்க நின்றவர்கள் வைத்த பெயர்.

அதை வடிவமைத்தவர் ஒடாகர் ஷ்வெட்ஸ் என்ற சிற்பி. 1949-ல் அடிக்கல் நட்டார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1955 மே 1-ல் திறப்பு விழா நடந்தபோது ஷ்வெட்ஸ் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடமே சோவியத் தலைவர் குருசேவ் தன் கட்சி மாநாட்டில் ஸ்டாலினின் குற்றங்களைப் போட்டு உடைத்தார். அப்புறமும் சிலை ஆறு வருடங்களுக்கு மேல் நின்றது. 1962 நவம்பரில் 800 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். கட்டச் சொன்ன அதே செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சிதான் இடிக்கவும் சொன்னது. யாரும் படம் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. இடித்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏன் வைத்தோம், அதற்கு யாரைப் பலி கொடுத்தோம் என்று ஊரறியப் பேசிவிட்டல்லவா இடித்திருக்க வேண்டும்?

மகன் அங்கே வேலையில் இருந்தபோது நானும் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். மேலே கம்பியில் பழைய ஷூக்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்த தரையில் கல் பலகைகள் பல இடங்களில் பெயர்ந்திருந்தன. நான் கால் வைத்த ஒன்று 'டொக்' என்று ஆடியது. மெட்ரோனோம் 1991-ல் வந்தது. ஆனாலும் பையன்கள் இன்றைக்கும் அந்த இடத்தை 'ஸ்டாலின்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம் சிற்பியின் பெயரை மகன் மூலம் கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினான்.

இந்தத் தொடர் நூலாக வரும்போது, மெட்ரோனோம் பற்றிய பத்தியில் ஒடாகர் ஷ்வெட்ஸின் பெயரையும் சேர்க்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், கும்பகோணம்