நுரை அடங்கிய பின்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பின் நீயே கைப்பட எழுதியிருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது. சமையல் சோடாவையும் வினிகரையும் முன்கூட்டியே கலந்து, பாட்டிலில் மூடி வைத்துக்கொண்டு தொட்டி துலக்கலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. ஒரு தேக்கரண்டி சோடா, ஏறக்குறைய 5 கிராம், போதிய வினிகருடன் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மூடிய பாட்டில் அந்த அழுத்தத்தில் வெடித்துவிடக்கூடும். நுரை அடங்கிய பின் மிஞ்சுவதோ பெரும்பாலும் சோடியம் அசிடேட் என்னும் ஒருவகை உப்பு கரைந்த தண்ணீர்தான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு அழுக்கைப் போக்க அதில் வலுவேது? எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகத் தேய். உப்புநீர்ப் படிவுக்கு வினிகரைத் தனியாக ஊற்றி ஊறவிடு. இரண்டும் பொங்கும்போது பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? சில்லென்றிருக்கும், அந்த வினை சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

சோடா பானத்தில் இருப்பதும் அதே வாயுதான், ஆனால் அங்கே அது அழுத்தத்தால் நீருக்குள் கரைக்கப்பட்டது. 1767இல் ஆங்கில அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, மதுவடிக்கும் ஆலையில் புளிக்கும் தொட்டிகளுக்கு மேல் தேங்கிய வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அழுத்தம் கூடும் அளவுக்கு வாயு கூடுதலாகக் கரையும் என்பதை 1803இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹென்றி வகுத்துச் சொன்னார். மூடியைத் திறந்ததும் அழுத்தம் இறங்குவதால்தான் குமிழ்கள் எழுகின்றன.

என்னை இன்றும் வியக்கவைப்பது வெப்பத்தின் போக்கு. வளிமண்டல அழுத்தத்தில், உறைநிலையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும். 20 டிகிரியிலோ அதில் பாதிதான். சர்க்கரைக்கு நேர்மாறு: 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 200 கிராம் கரையும், சூடேற ஏற இன்னும் பெருகும். உப்போ 36 கிராமோடு நின்றுவிடும், கொதிக்கவைத்தாலும் மூன்று நான்கு கிராம்தான் கூடும். நாம் பள்ளியில் உப்பைக் கரைக்கச் சூடேற்றிக்கொண்டே இருந்த அந்த மதியத்துக்கு விடை இதுவே.

பானத்தில் உப்பு போட்டதும் பொங்குகிறதே, அதற்குக் கரைதல் மட்டும் காரணமன்று. துகள்களின் சொரசொரப்பான பரப்பும் அவற்றோடு வரும் காற்றும் குமிழ்கள் பிறக்க இடம் தருகின்றன. நன்கு கழுவி உலர்த்திய மணலைப் போட்டாலும் அப்படியே பொங்கும். கண் முழுதாகத் தெளிந்ததும் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் இரண்டையும் செய்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்