தம்பி, உன் கேள்விக்கு அண்ணியின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். நேரில் சொல்ல வந்தால் "விடுங்க அண்ணி, ரத்தம் குடுத்த மாதிரிதானே" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் கடிதம். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேனே என்று கோபப்படாதே. ரத்தப் புற்றுநோய் வந்த கூடப்பிறந்தவருக்கு மஜ்ஜை செல்களைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் நல்லது.

அண்ணனின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நோயின் சுவடே இல்லை. ரத்தத்தில் ஓடுகிற செல்கள் நூற்றுக்கு நூறு உன்னுடையவை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியும் ஒரு தொந்தரவும் இல்லை. இதையெல்லாம் அத்தை சொல்லிக் கேட்டிருப்பாய். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

அண்ணனின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் கேட்டாய்: "என் செல்லுதான் அண்ணனை அடிக்குதா அண்ணி?" நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார். அதன் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. ஆனால் வருவாய், பையைக் கதவருகே வைப்பாய், அண்ணன் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் கிளம்பிவிடுவாய். இப்போதும் அப்படித்தான். அது என் நெஞ்சை அறுக்கிறது.

அக்யூட் மைலாய்ட் லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, கீமோவில் நோய் அடங்கியதும் டாக்டர் முதலில் கேட்டது, "கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" எச்.எல்.ஏ. என்கிற, செல்கள் மேலுள்ள அடையாளம் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவதால், ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளும் முழுசாகப் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்புதான். அக்காவுக்குப் பொருந்தவில்லை. அன்றைக்கு அக்கா அழுத அழுகை உனக்கும் நினைவிருக்கும். உனக்குப் பொருந்தியது.

அத்தைக்குத்தான் பெரிய பயம். ஒரு பிள்ளை படுத்துக் கிடக்கிறான், இன்னொருத்தனையும் படுக்க வைக்கச் சொல்கிறார்களே என்று. முதுகுத்தண்டைக் குடைந்து எடுப்பார்கள் என்று யாரோ வேறு சொல்லிவைத்திருந்தார்கள். நீ அத்தையை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாய்: இப்போதெல்லாம் பெரும்பாலும் கை நரம்பு வழியாகத்தான் எடுக்கிறார்கள், முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை, எடுத்தது திரும்ப ஊறிவிடும், வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்து மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை ஒன்றுதான் கேட்டார்: "உனக்கு வலிக்குமாடா?" நீ "இல்லம்மா" என்றாய்.

வலித்தது. ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்குகிற அந்த ஊசி போட்ட நாளெல்லாம் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்து, ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறாய். உன் மனைவி ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அத்தை முன்னால் சிரித்தபடி வந்து நின்றாய். பிறகு இரண்டு கையிலும் ஊசியோடு, மடக்க முடியாமல், அந்த செல்களை ரத்தத்திலிருந்து பிரிக்கிற மெஷின் பக்கத்தில் மணிக்கணக்கில் படுத்திருந்தாய். கால்சியம் இறங்கி உதடு மரத்துப்போனபோதும், "அண்ணனுக்குப் போதுமான அளவு வந்துடுச்சா?" என்றுதான் டெக்னீஷியனிடம் கேட்டாய்.

அதை அண்ணனுக்கு ஏற்றியது சாதாரணமாக ரத்தம் ஏற்றுகிற மாதிரியே இருந்தது. கத்தி இல்லை, மயக்கமருந்து இல்லை. "ஆபரேஷன் எப்போ?" என்று அத்தை கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கப்புறம்தான் நிஜமான காத்திருப்பு. ஏற்றுவதற்கு முன்னால் கொடுத்த கடுமையான கீமோவால் வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியாது. வெள்ளணு கிட்டத்தட்ட பூஜ்யம். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுவின் எண்ணிக்கை மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால்தான் புது செல்கள் வேர்பிடித்ததாகக் கணக்கு. அந்த நேரம் பார்த்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல். ஊரே தண்ணீரில். கரண்ட் இல்லை, போனும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு ஏற்ற வேண்டிய பிளேட்லெட் அதிகபட்சம் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் முன்கூட்டி வாங்கிச் சேர்த்துவைக்கவும் வழியில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் ரத்த வங்கி வாசலில் நிற்கிறேன், நீ உன் ஆபீஸ் பையன்கள் இரண்டு பேரோடு இடுப்புவரை நனைந்து வந்து நிற்கிறாய். யாரும் சொல்லி வரவில்லை. தேவைப்படும் என்று நீயாகவே கணக்குப் போட்டு வந்தாய். அந்தப் பையன்கள் இரண்டு பேருக்கும் நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

அண்ணனின் தோலை உரித்தது உன் செல்கள்தான். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இதையே நான் டாக்டரிடம் கேட்டபோது அவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். கீமோ எவ்வளவு கடுமையாகக் கொடுத்தாலும் எங்கேயாவது சில புற்றுசெல்கள் பதுங்கியிருக்கலாம். அவற்றைத் தேடிப்பிடித்து அழிப்பது கொடுத்தவரின் செல்கள். அண்ணன் தோலை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிற அதே குணம்தான் லுகேமியாவையும் விடாமல் துரத்துகிறது. டொனால் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர், இந்தச் சிகிச்சைக்காகவே 1990இல் நோபல் பரிசு வாங்கியவர், 1950களின் கடைசியில் லுகேமியா நோயாளிகளுக்கு அவர்களோடு பிறந்த அச்சு அசலான இரட்டையரின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தார். எந்தச் சண்டையும் இல்லாமல் உடம்பு ஏற்றுக்கொண்டது. சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. இரட்டையரிடமிருந்து எடுத்தால் நோய் திரும்புகிற வாய்ப்பு அதிகம் என்பது பிறகு உறுதியாயிற்று. "மிதமான அளவில் இந்தத் தாக்குதல் வந்தா, ஸ்டீராய்டுக்கும் கட்டுப்பட்டா, நாங்க ரொம்பக் கவலைப்பட மாட்டோம்மா" என்றார் டாக்டர். அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது, அப்படியே கட்டுப்பட்டது.

உன் செல்கள் அண்ணனை அடித்தன தம்பி. அவர் உயிரோடிருப்பதும் அதனால்தான்.

வீடு திரும்பிய பிறகு நீ செய்ததைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்வேன். தோண்டுகிற மண்ணில் பூஞ்சை இருக்கும், நுரையீரலில் இறங்கினால் ஆபத்து என்றார்கள். அப்போது எங்கள் ஆற்காடு ரோடு முழுக்க மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. நீ அலைந்து பெசன்ட் நகர் உள்தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்தாய். பழக்கடைக்காரர் ஆசையாகக் கொடுத்த பம்ளிமாஸை, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று படியிலேயே திருப்பி எடுத்துப் போனாய். குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசியெல்லாம் அண்ணனுக்கு மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்ததே, அந்த அட்டையைக்கூட நீதான் பத்திரமாக வைத்திருக்கிறாய்.

அண்ணன் லைசென்ஸில் இன்னமும் பி பாசிட்டிவ் என்றே இருக்கிறது. இப்போது அவர் ஓ பாசிட்டிவ், உன்னைப் போலவே. அதை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு உன்னோடுதான் போவாராம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய்த் தானே வஞ்சிரம் பார்த்து வாங்க வேண்டும் என்கிறார். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. நீ வந்து கூட்டிக்கொண்டு போ. உன் மனைவியும் பாப்பாவும் நேராக இங்கே வரட்டும், அத்தை முந்தின நாளே வந்துவிடுவார். பையைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி