மனதில் பட்டதைச் சீட்டில் எழுதுங்கள்

டெல்டா மாவட்டங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்தும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு பங்குதாரர் எழுதுகிறேன்.

பொறுப்புக்கு வருமுன் வாய்க்கால் கரையில் நின்றபடியே ஊருக்கு யோசனை சொன்னவர்கள் நீங்கள். கூட்ட மேசைக்கு வந்ததும் ஆலோசகர் நீட்டும் அட்டவணைக்குத் தலையாட்டுகிறீர்கள். “எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை” என்று ஒருவர் சொன்னால், ஆதாரம் கேட்டு வாயை அடைத்துவிடுகிறீர்கள். அவர் பார்த்த சம்பாவும் தாளடியும் ஆதாரம் இல்லையா?

அதற்காகத் தோன்றுவதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வை ஆராய்ந்து மெச்சியவர் உளவியலாளர் கேரி கிளைன். உள்ளுணர்வைச் சந்தேகித்தவர் இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமன். இருவரும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். செய்யும் வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், கணித்தது சரியா தவறா என்பது திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் ஒத்துப்போனார்கள்.

களத்து நெல்லில் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறோம். நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதக் கருவி, 17 சதவீத வரம்புக்குள் இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடுகிறது. கடித்தவர் தவறியிருந்தால் அன்றே தெரியும், அடுத்த குவியலுக்குத் திருத்திக்கொள்வார். அப்படிப் பழகிய பல்லை நான் நம்புவேன்.

மேட்டூர் விஷயம் வேறு. அணை 2022இல் மே 24, 2023இல் ஜூன் 12, 2024இல் ஜூலை 28 அன்று திறந்தது. குடகிலும் வயநாட்டிலும் பெய்யப்போகும் மழை இங்கே எந்த அனுபவசாலியின் மனதுக்கும் எட்டாது. அணை சீக்கிரம் திறந்துவிடும் என்று மனதில் பட்ட நம்பிக்கையில், ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009 நெல் ரக விதையை மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள். நீர்மட்டத்தையும் வானிலை அறிக்கையையும் பாருங்கள். தண்ணீர் வந்த பிறகு எந்த வாய்க்காலில் அது கடைமடைக்கு எப்போது எட்டும், ஐப்பசி மழையில் எந்த வயல் வடியாது என்பதற்கெல்லாம் உங்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆள் எடுக்கும்போதுதான் எனக்குப் பயம். “பார்த்ததுமே நல்லவராகத் தெரிந்தது” என்று மேலாளரை அமர்த்துகிறீர்கள். நம் தெரு, நம் சாதி என்ற பழக்கம்தான் பெரும்பாலும் அப்படிப் பேச வைக்கிறது (கோபித்துக்கொள்ள வேண்டாம்). அந்தத் தவறு வெளிவர வருடங்கள் ஆகும். வேண்டாம் என்று அனுப்பியவர் எப்படி இருந்திருப்பார் என்பதோ கடைசிவரை தெரியாது.

விதைக் கொள்முதல் பற்றிய கூட்டத்தில், பேச்சைத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தம் மனதில் பட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தலைவரின் சீட்டைக் கடைசியாகப் படியுங்கள். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களும் அந்தப் பக்கமே சாய்வார்கள். சீட்டுகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவைத்து, அறுவடைக்குப் பின் கணக்கோடு ஒப்பிடுங்கள். யாருடைய கணிப்பு எதில் பலிக்கிறது என்று சில பருவங்களில் பிடிபடும். ஆண்டுப் பொதுக்குழுவில் அந்தப் பக்கங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.

இப்படிக்கு,
கடைமடைப் பங்குதாரர்