கூப்பிடு தூரம் எத்தனை அடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்சிகள் பிறழ்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறழாமல் நின்று சொன்னவர்களையும் நம்பாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டுரையாளர் தொடவில்லை. கீழ் நீதிமன்றங்களில் 28 வருடம் தட்டச்சராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தஞ்சைப் பக்கத்துக் கிராமமான வெண்மணியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25 இரவு, தீ வைக்கப்பட்ட ராமையாவின் குடிசைக்குள் தலித் கூலி விவசாயிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ் நீதிமன்றம் 1970ல் மிராசுதார்களுக்குக் கொடுத்த தண்டனையை 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் மிராசுதார்கள், பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், அதில் ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று தீர்ப்பில் எழுதினார்கள். மிராசுதார் நடப்பாரா மாட்டாரா என்பது யாருக்குத் தெரியும்? வருடம் முழுக்க அவர் வரப்பில் வந்து நிற்க, சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்களுக்குத்தான். இருட்டில் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதெல்லாம் சாட்சியமாக நிற்கவில்லை, கார் நின்றது.

சரி, அது பெரிய வழக்கு. நான் கண்ணால் பார்த்தது சின்னது. தன் மகனைச் சிலர் கட்டிவைத்து அடித்த வழக்கில் ஒரு ஆயா சாட்சிக் கூண்டேறினார். நடவு வேலை செய்பவர். எத்தனை மணிக்குப் பார்த்தே என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். “ரெண்டாம் ஆட்டம் விட்டு சனங்க வந்த நேரமுங்க.” எத்தனை அடி தூரத்தில் நின்றே? “கூப்பிடு தூரந்தாங்க.” அன்று என்ன தேதி? “அமாவாசைக்கு மறுநாளுங்க.” ஒவ்வொன்றும் கச்சிதமான பதில். ஆனால் நீதிபதி சொல்லச் சொல்ல நான் தட்டியது: மணி எத்தனை என்று தெரியாது. எத்தனை அடி என்று சொல்ல முடியாது. தேதி ஞாபகம் இல்லை. அடுத்து வந்தவர் நிலம் உள்ளவர். அவருக்கு நாற்காலி போடச் சொன்னார்கள், ‘நீங்கள்’ என்று கேட்டார்கள். அவர் உத்தேசமாகச் சொன்ன மணி அப்படியே மணியாகப் பதிவானது. நீதிபதி கெட்டவர் இல்லை. அவர் வாழ்ந்த வீட்டில் கடிகாரம் இருந்தது, அவ்வளவுதான்.

கீழே இறங்கிய ஆயா, கோர்ட் சேவகரான டவாலி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, “சரியாச் சொன்னேனா தம்பி?” என்று என்னிடம் கேட்டார். நல்லாச் சொன்னீங்க ஆயா என்றேன். அப்புறம் தீர்ப்பு வந்தது. நேரம், தூரம் பற்றிச் சாட்சிக்குத் தெளிவில்லை, சந்தேகத்தின் பலனை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அளித்து விடுதலை. தெளிவில்லாத அந்த வரிகளைத் தட்டியவன் நான்தான்.

தர்மபுரி மாவட்டப் பழங்குடி கிராமமான வாச்சாத்தியின் பெண்களுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும். 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் ஊரைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததைச் சொன்னபோது, சந்தன மரம் கடத்துகிற ஊர் சொல்வதை எப்படி நம்புவது என்றார்கள். 2011ல்தான் தண்டனை வந்தது. வழக்கில் சேர்க்கப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023ல் தண்டனையை உறுதி செய்தார். கூப்பிடு தூரம் எவ்வளவு என்பது அங்கே போய் நின்றால் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். விடுதலைத் தீர்ப்புகளைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர்கள் தீர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாட்சிகளின் வாக்குமூலத்தையும் நகல் மனுப் போட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். ‘தெரியாது’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அந்த இடத்தில் சாட்சி என்ன சொன்னார் என்று அவரிடமே போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
மன்னார்குடி