மலைக்கோட்டையார் வந்திருக்கிறார்

உறையூர்,
திருச்சி.

அன்புள்ள நெல்லையப்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிவிட்டது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் உட்கார்ந்து எழுத நேரம் வாய்ப்பதில்லை. இப்போது எல்லோரும் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

குழந்தையும் மருமகளும் நலம். ஐப்பசி அடைமழையில் பிறந்தான். பிறந்தபோது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இந்த ஒரு மாதத்தில் கன்னம் வைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்தோம். தாயுமானவன். ஆமாம், என் அப்பாவின் பேர்தான். நாம் கல்லூரியில் படித்த காலத்தில், நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் உனக்கு இலை போட்டுவிட்டு, "தம்பி, உங்க ஊர் நெல்லையப்பர் சௌக்கியமா இருக்காரா?" என்று கேட்பாரே, அவர் பேர்.

உன் மகளுக்குத் தை மாதம் பிரசவம், பையன் என்றால் பழைய பேராக வைக்கலாம் என்கிறாள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் உனக்கு வேண்டியது இருக்கலாம்.

முதலில் இந்தப் பேர் வேண்டாம் என்றவன் நான்தான். பெரியவன் புனேயில் வேலை பார்க்கிறான், குழந்தை அங்கேதான் வளரும். தமிழில் எழுதினால் ஆறே எழுத்து. ஆங்கிலத்தில் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற டீச்சர் முதல் நாளே தடுமாறுவார், பையன் கூசிப்போவான் என்று எனக்குப் பயம். ஜோசியரும் குழந்தை ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு இந்த நாலில் ஒன்றில் ஆரம்பிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். விஷ்வா, விஹான் என்று நானே ஒரு தாளில் ஏழெட்டுப் பேர் எழுதி மருமகளிடம் கொடுத்தேன்.

அவள் அந்தத் தாளை வாங்கி முழுவதும் படித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "மாமா, தாத்தா பேருங்கிறதுக்காக மட்டும் நான் கேக்கலை. எங்க அப்பாவை நினைச்சுப் பாருங்க."

நெல்லையப்பா, அவளுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும். சம்பந்தி பஸ் கண்டக்டராக இருந்தவர். காலை ஐந்தரை மணிக்கு டூட்டி என்றால் நாலரைக்கே பிள்ளையை எழுப்பி, விளக்கடியில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாராம். ஆரம்பத்தில் பின்னல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்குமாம். டெப்போவில் வேலை பார்த்த ஒரு அம்மாளிடம் கயிற்றை வைத்துப் பின்னக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். பத்தாம் வகுப்பு முடிகிறவரை அவர்தான் பின்னிவிட்டார் என்று அவள் சொன்னபோது நான் கையில் இருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தாயும் ஆனவன். அறுபது வருஷத்துக்கு மேலாக என் இனிஷியலில் நிற்கிற பேர் அது. அதைப் பிரித்துப் பொருள் பார்க்க எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அவளுக்குப் போகத் தாய்வீடு இல்லை, இங்கேதான் வந்தாள். சித்திரையில் அவளுக்கு மூன்றாம் மாதம். அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்தபோது என் அம்மா அவளை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனார். தாயுமானவர் சந்நிதியில் சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று நடக்கும், நீ பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பூம்புகாரிலிருந்து மகள் இரத்தினாவதியின் பிரசவத்துக்குத் தாய் புறப்பட்டு வருகிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிடுகிறது. சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிறவரை கூடவே இருந்து பிள்ளையையும் தாயையும் கவனித்துக்கொள்கிறார். பிறகு உண்மையான தாய் வந்து நிற்க, வீட்டில் இரண்டு அம்மா! அதைத்தான் திரை கட்டி நடத்திக் காட்டுவார்கள். சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று வாழைத்தார் நேர்ந்துகொள்வது அந்தச் சந்நிதி வழக்கம். எங்கள் வீட்டிலும் நேர்ந்துகொண்டோம். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் தாரைத் தோளில் வைத்துப் படியேறியவர் சம்பந்திதான். அறுபத்தாறு வயதில் ஒரு இடத்திலும் இறக்கிவைக்கவில்லை.

பேர் வைத்த அன்று தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மோதிரத்தால் அவரைத்தான் எழுதச் சொன்னோம். தா என்று எழுதி, யு என்று எழுதி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு முழுவதும் எழுதி முடித்தார். ஏன் இந்தப் பேர் என்று மகள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் மாமா, அவருக்கே தெரியும் என்றாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பழைய பேர் என்றால் எந்தப் பழமை? இப்போது பாரி, ஓரி, ஆதன் என்று சங்க காலத்துப் பேர்களை விரும்பி வைக்கிறார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் கோவிந்தசாமி, மாசிலாமணி, ஏகாம்பரம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துப் பேர் அழகு, எழுபது வருஷத்துப் பேர் வெட்கம் என்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. நம் வகுப்பில் அன்பழகனும் நெடுஞ்செழியனும் இருந்தார்களே. அன்று அவை புத்தம் புதுப் பேர்கள். திராவிட இயக்கத் தலைவர்களில் இராமையாவாக இருந்தவர் அன்பழகன் ஆனார், நாராயணசாமியாக இருந்தவர் நெடுஞ்செழியன் ஆனார், அவர்களைப் பார்த்து நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இன்றைக்கு அவையும் தாத்தா பேர்கள் ஆகிவிட்டன.

என் பெரியப்பா பேர் பிச்சை. அதைச் சொல்லிக் கூப்பிட்டாலே அவருக்குக் கோபம் வரும். அவருக்கு முன்னால் என் பாட்டிக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது நிற்கட்டும் என்று பிச்சை எடுத்த பிள்ளையாகப் பாவித்து அப்படிப் பேர் வைத்தார்கள். குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி என்பார்கள், தவிட்டைக் கொடுத்து வாங்கியதுபோலச் செய்வார்கள், எல்லாம் எமன் கண்ணில் படாமல் இருக்கத்தான். ஒரு தாயின் பயம் அந்தப் பேருக்குள் இருந்தது. பெரியப்பா இருந்த காலத்தில் இதை யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று இப்போது நினைத்து வருத்தப்படுகிறேன். அதனால் உன் மகளிடம் இதை மட்டும் சொல். பேரைப் புத்தகத்தில் தேடுவதற்கு முன்னால் வீட்டில் தேடட்டும். உன் சம்பந்தி வீட்டார் ஸ்ரீவைகுண்டம் பக்கம்தானே? அந்த ஊர்க் கள்ளபிரான் பேரைவிட அழகான பேர் எங்கே கிடைக்கும்? தென்திருப்பேரை மகரநெடுங்குழைக்காதன் நீளம்தான், ஆனாலும் குழைக்காதா என்று கூப்பிட்டுப் பார், வாய் இனிக்கும். ஹாஸ்டலில் உன் பேரைக் கேட்டதும் உன் ஊரையும், என் பேரைக் கேட்டு எங்கள் வீட்டுச் சுவாமிமலை வேண்டுதலையும் வார்டன் சொல்லிவிடுவாரே. புதுப் பேர்களில் அந்த ஊர் வாசனை இல்லை.

அவசரப்படவும் வேண்டாம் என்று சொல். பிறந்த 21 நாளைக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும், ஆனால் பேர் இல்லாமலே பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். இது தெரியாமல் ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஒரு பேரைச் சொல்லிவிட்டு அப்புறம் மாற்ற அலைகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் நிதானமாகப் பேசி முடிவு செய்ய முடிந்தது இதனால்தான். ரோகிணிக்கு உரிய எழுத்தில் ஒரு பேர் ஜாதகத்தில் மட்டும் இருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். எண்பத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நடமாட்டம் உண்டு. அப்பா பேரை அம்மா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் தபால் ஆபீஸுக்குக் கூடப் போயிருந்தேன். படிவத்தில் எழுத, "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மலைக்கோட்டையைக் கையால் காட்டினார். உள்ளே இருந்தவர் திருச்சிக்காரர், சிரித்துக்கொண்டே "தாயுமானவரா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது, மணிக்கட்டில் நெளிந்துபோன ஒரு பித்தளை வளையல்.

பேர் வைத்த அன்று எல்லோரும் வரிசையாகக் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னோம். அம்மாவின் முறை வந்தபோது நான் கொஞ்சம் கவலைப்பட்டேன். மடியில் வாங்கிக்கொண்டார். நெற்றியில் படிந்த முடியை இரண்டு விரலால் ஒதுக்கிவிட்டு, "மலைக்கோட்டையாரே, மலைக்கோட்டையாரே, மலைக்கோட்டையாரே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றையிலிருந்து எங்கள் தெருவுக்கே அதுதான் பேர். பால்காரர்கூட மலைக்கோட்டையார் எழுந்துவிட்டாரா என்றுதான் கேட்கிறார்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதை விடாதே. பொங்கலுக்கு அப்புறம் பெரியவன் இவர்களைப் புனேக்கு அழைத்துப் போகிறான். அதற்குள் நீயும் தங்கச்சியும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். உன் மகளுக்கும் சேர்த்து ஒரு வாழைத்தார் நேர்ந்திருக்கிறேன். அதைத் தூக்க நீ வரவேண்டும்.

தொட்டில் அசைகிறது, மலைக்கோட்டையார் எழுந்துவிட்டார். அவர் அம்மா இன்னும் அரைமணி தூங்கட்டும், நான் போய்த் தூக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தா. சாமிநாதன்