ஃப்ரீடவுனுக்கு என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், என் வார்டுத் தோழிகளுக்கும், எங்கள் தெருவுக்கும் ஸ்தோத்திரம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் குளோபல் மெர்சி மருத்துவக் கப்பலில் எட்டு வாரம் நர்ஸாக இருந்துவிட்டு நல்லபடியாக ராயபுரம் வந்து சேர்ந்தேன்.

அந்தக் கப்பலை நடத்துவது மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு நிறுவனம். அதில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டாக்டரானாலும் சமையற்கட்டில் நிற்பவரானாலும் டிக்கெட் செலவு அவரவர் கையிலிருந்துதான். என் செலவை நீங்கள் சுமந்தீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காயை மூன்று பேர் எடுத்து எடுத்து மறுபடி ஏலத்துக்கே விட்டீர்களே, அதை மறக்க மாட்டேன். பெண்கள் ஐக்கியத்து அக்காமார் நாலு சனிக்கிழமை அடுப்படியில் நின்று அச்சு முறுக்கு சுட்டு விற்றீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வரை கூட வந்த அண்ணனுக்கும் நன்றி.

தோழிகளே, என் நைட் டியூட்டியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டீர்கள். கைக்குழந்தைக்காரியும் இரண்டு இரவு எடுத்தாள் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. மாடி வீட்டு அக்கா, நோன்பு வைத்துக்கொண்டே எங்கம்மாவுக்குக் காலையில் இட்லி அவித்து, சுகர் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தீர்கள். 'அம்மா சாப்பிட்டாச்சு' என்று நீங்கள் அனுப்பும் குரல்பதிவைக் கேட்ட பிறகுதான் நான் வார்டுக்குள் போவேன்.

"இங்கே நோயாளிகளே இல்லையா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். என் வார்டில் ஒரு சிறுமி இருந்தாள், ஆறு வயது. அடுப்பில் விழுந்து கை வெந்து, தழும்பு இறுகி, வலக்கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிப்போயிருந்தன. நமக்குக் கீழ்ப்பாக்கத்தில் தீக்காய வார்டு இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். அவளுக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. மூன்று வருடம் கையை மூடியே வைத்திருந்தாள்.

தழும்பை விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கட்டுப் பிரிக்கும்போது உப்புநீர் விட்டு ஊறவைத்து, துணியை இழை இழையாக எடுக்க வேண்டும். இடக்கையால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். அப்புறம் வாரக்கணக்கில் பயிற்சி. இந்த ஆபரேஷன் கத்தியோடு முடிவதில்லை, விரல் மறுபடி மடங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. பத்து நாள் முகாம் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களால் அது ஆகாது என்பது என் கருத்து. கப்பல் மாதக்கணக்கில் நிற்பதால்தான் முடிகிறது. எனக்கு முன்னால் ஒரு நர்ஸ் அவளைப் பார்த்திருந்தாள், எனக்குப் பின்னால் வந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

நான் கிளம்பும் முந்தின நாள், மடங்கிக் கிடந்த அதே வலக்கையால் கரண்டி பிடித்துச் சோறு அள்ளினாள். பாதி மடியில் சிந்தியது. "டென்கி" என்றாள். அந்த ஊர் கிரியோ மொழியில் நன்றி. அதைப் பூசணிக்காய்க்காரர்களுக்கும் முறுக்குக்காரர்களுக்கும் நைட் டியூட்டிக்காரர்களுக்கும் மாடி வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

வரவு செலவு நோட்டைச் செயலர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதிப் பணம் அடுத்துப் போகிறவரின் டிக்கெட்டுக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் இருப்பேன். அவள் வலக்கையால் வரைந்த மீன் படத்தைக் கொண்டுவருகிறேன். வந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ராயபுரம் நர்ஸ்