பிறசர் மெசின் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கட்டாரிலும் சவூதியிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருக்கும் அம்மா அப்பாவுக்கு, உம்மா வாப்பாவுக்குப் பயன்படும் ஒரு பொருளை அனுப்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

கிளினிக்குகளில் பிறசர் பார்க்கும் தாதியர் நாங்கள். நீங்கள் அனுப்பும் மெசின்கள் கிளினிக் கொப்பியோடு எங்கள் மேசைக்கும் வருகின்றன. மெசினில் குற்றமில்லை, கையில் சுற்றிக் கட்டும் பட்டிதான் பொருந்தவில்லை என்பதே அடிக்கடி காணும் பிழை. ஆகவே கடைக்குப் போக முன் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து, அம்மாவின் கையை அளந்து சொல்லச் சொல்லுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல் நாடாவால் சுற்றளவு எடுக்க வேண்டும்.

பெட்டியோடு வரும் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்குரியது. 36 செ.மீ. கையில் அதைக் கட்டினால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். தேவையில்லாமல் குளிசை கூடும். மெலிந்துபோன அம்மம்மாவின் 20 செ.மீ. கையிலோ குறைத்துக் காட்டும். கூடிய பிறசர் மறைந்துபோகும். இரண்டாவதுதான் எங்களுக்குக் கூடுதல் பயம். 22–42 என்று அச்சிட்ட பட்டி இருந்தால் அம்மா, அப்பா இருவருக்கும் பெரும்பாலும் அது ஒன்றே போதும். கை 22க்குக் குறைவு என்றால் சிறிய பட்டியைத் தனியாக வாங்குங்கள், அதுவும் அந்த மொடலுக்கு உரியதாக. வேறு கம்பனிப் பட்டியின் குழாய் செருக இடங்கொடுத்தாலும் அளவு பிழைக்கும்.

மணிக்கட்டில் கட்டும் மெசின் வேண்டாம். சிறியது, பொதியில் இடம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் மணிக்கட்டு நெஞ்சு மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினாலே மெசின் காட்டும் பிறசர் 7, 8 கூடிவிடும். கையை மடியில் போட்டுக்கொண்டு பார்க்கும் வயதானவருக்கு அது சரிவராது.

கம்பனியின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மொடல் இலக்கத்தைப் பாருங்கள். முறைப்படி சோதித்துத் தேறிய மொடல்களை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையத்தளம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. எழுத்துப் பெரிதாக, ஒரே பொத்தானில் வேலை செய்வதாக இருந்தால் நல்லது. மற்ற வசதிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இங்கே மின்சாரம் 230 வோல்ற், கனடாவில் 120. அடப்டரில் 100–240 என்று போட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் இங்கே செருகவே கூடாது, எரிந்துவிடும். பெரும்பாலான மெசின்கள் நான்கு டபிள்-ஏ பற்றறியில் ஓடும். அல்கலைன் பற்றறி போடுங்கள். மலிவானது காற்றடிக்கும்போதே இறங்கி எரர் காட்டும். நீண்ட நாள் பாவிக்காவிட்டால் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் கசிந்து உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும்.

பொதி போய்ச் சேர்ந்த அன்று வீடியோ அழைப்பில் கூட இருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பாதிப் பரிசுதான் கொடுத்திருக்கிறீர்கள். பாயிலோ கட்டில் விளிம்பிலோ அல்ல, சாய்மானமுள்ள கதிரையில் இருக்கட்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் வேண்டாம். கை மேசையில், பட்டி நெஞ்சு மட்டத்தில். மேசை உயரம் குறைவு என்றால் மடித்த சீலையொன்றைக் கையின் கீழ் வைக்கலாம். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே வெறும் தோலில் இருக்க வேண்டும். சுருட்டிவிட்ட இறுக்கமான சட்டைக் கையும் அளவைக் கெடுக்கும். அதற்கு முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, புகையிலை போட்ட வெற்றிலை, சுருட்டு எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். மெசின் ஓடும்போது நீங்களும் பேசாதீர்கள். அம்மா பதில் சொன்னால் அளவு ஏறும்.

முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, கூடக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பாவிக்க வேண்டும். டயலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் கட்டவே கூடாது. மார்புச் சத்திரசிகிச்சை நடந்த பக்கத்துக் கையையும் தவிர்த்து, டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்திலேயே இன்னும் ஏறும். கிளினிக்குக்கு முந்திய ஏழு நாட்கள் போதும். காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் படுக்க முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மெசின் நினைவில் வைத்திருந்தாலும் கொப்பியில் எழுதட்டும். பற்றறி மாற்றினால் திகதி பிழைத்துவிடும். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியைப் பார்க்கிறோம். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கூடியதுதான். கிளினிக்கில் சொல்லும் 140/90 வீட்டு அளவுக்குப் பொருந்தாது. மெசின் திரையில் ஒழுங்கற்ற இதயத் துடிப்பின் அடையாளம் அடிக்கடி வந்தால் அதையும் எழுதுங்கள். இலக்கத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் அங்கிருந்து குளிசையைக் கூட்டவோ நிறுத்தவோ சொல்லாதீர்கள்.

180/120க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் இருந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் இருந்தால் இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. இலக்கத்தை மெசினின் மேலேயே ஒட்டிவிடலாம்.

அடுத்த கிளினிக்குக்கு மெசினையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் அளவோடு ஒப்பிட்டு, பட்டி சரியா என்றும் பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கிளினிக்குகளில் வேலை செய்யும் தாதியர் சிலர்